இரண்டாம் மிதிக்கு நிற்கும் கார்

வெள்ளவத்தை
12.01.1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் தங்கை பேர்ணடெற் எழுதுகிறேன். கையெழுத்தைக் கண்டதும் கிழித்துப் போடாதீர்கள். போன கிழமை வீட்டுக்கார அன்ரியின் ரெலிபோனில் உங்களை எடுத்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். கொட்டாஞ்சேனைக்கு நேரில் வந்தால் கேற்றைச் சாத்துவீர்கள் என்றும் தெரியும். வேறு வழியில்லாமல்தான் முத்திரை ஒட்டுகிறேன்.

விஷயம் அப்பாவின் கேம்பிரிட்ஜ் கார். இவர் அதற்கு டீசல் எஞ்சின் போடப்போகிறார்.

கோபம் வரும். வந்தாலும் மிச்சத்தை வாசியுங்கள். விடிய விமான நிலையம், மத்தியானம் விசாவுக்கு அலைகிற லொட்ஜ் ஆட்கள், பின்னேரம் யாராவது நோயாளியைப் பொரளைக்கு ஏற்றி இறக்குவது என்று இவர் ஓடுகிற ஓட்டம் எல்லாம் பெற்றோலுக்கே போகிறது. வெள்ளவத்தையில் இப்போது மூலைக்கு மூலை டீசல் வான். அவர்கள் கேட்கிற கூலிக்கு இவரும் ஓடினால் கையில் மிஞ்சுவது வெறும் காற்று. பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையில் ஜப்பான் வான் ஒன்றின் எஞ்சினைப் பார்த்து முற்பணமும் கொடுத்துவிட்டார். மருதானையில் கராஜ் வைத்திருக்கிற தாஸிம் நானாதான் பூட்டித் தரப்போகிறார்.

எனக்குள்ள பயத்தைச் சொல்கிறேன். முன் பிறேக்கையும் மாற்றவேண்டும் என்று தாஸிம் நானா சொன்னாராம். "அதைப் பிறகு பாப்பம் நானா, முதல்லை கார் ஓடட்டும்" என்று இவர் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த ஊரில் சோதனைச்சாவடியில் கை காட்டினால் கார் நிற்கவேண்டும். இவருடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று கிடக்கிறது. அப்படிப்பட்ட ஒருவர் ஓட்டுகிற கார் நிற்காமல் போனால், பிறேக் பிழையோ என்று யாரும் குனிந்து பார்க்கமாட்டார்கள். முதலில் சுடுவார்கள், பிறகுதான் கேட்பார்கள்.

நீங்கள் பிறந்த நாளிலிருந்து அந்தக் காருக்குக் கீழே படுத்தவர். எஞ்சினை மாற்றினால் பிறேக் தாங்குமா, தாங்காதா? அதை மட்டும் எழுதுங்கள், போதும். நான் கேட்டது இவருக்குத் தெரியாது.

றோஸி அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உங்கள் தங்கை
பேர்ணடெற்

*

இயேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை
18.01.1997

தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. தலைப்பில் இயேசு மரி சூசை போடவில்லை. அவன் வீட்டுப் பிள்ளையார் சுழியும் போடவில்லை. வெறும் தாளில் எழுதியிருக்கிறாய். "இதுதான் இப்ப அவளின்ரை சமயம்" என்று உன் அண்ணியிடம் காட்டினேன். அவள் என்னைத்தான் ஏசினாள்.

கண்மூடுமுன் அப்பா உனக்குச் சீதனமாகத் தந்த காரைக் கல்யாணம் முடிந்த கையோடு உன் நாகேந்திரம் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டபோதே அவன் ஆள் யார் என்று எனக்குத் தெரியும். நேற்று வடக்கிலிருந்து வந்து லொட்ஜில் பாய் விரித்தவன். ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தால் மெக்கானிக் என்று நினைப்பு. எஞ்சின் என்ன அம்மியா, இங்கேயிருந்து தூக்கி அங்கே வைக்க? கோவிலடியில் ஒரு தேங்காயை உடைத்துவிட்டால் கார் நின்றுவிடும் என்று எண்ணியிருப்பான். முட்டாள் என்று எழுதக் கை கூசுகிறது. என்றாலும் எழுதுகிறேன். முட்டாள்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். டீசல் எஞ்சின் பாரம் கூடியது. கேம்பிரிட்ஜுக்கு நாலு சில்லிலும் பழைய டிரம் பிறேக். அந்தப் பாரத்தைப் பிடித்து நிறுத்த முன் பிறேக்குக்குச் சீவன் இல்லை. அது முதலாவது. டீசல் எஞ்சின் மெல்லச் சுற்றும், ஆனால் முறுக்கு அதிகம். காரின் பழைய பின் அக்சில் அதற்குப் பொருந்தாது. எஞ்சின் ரோட்டில் கத்திக்கொண்டு போகும், அக்சில் ஒருநாள் முறிந்தும் போகும். ஆகவே தாஸிம் அந்த வானின் பின் அக்சிலையே காருக்கும் போடுவார். அவரில் பிழையில்லை, நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் வான் அக்சிலோடு வான் பிறேக்கும் வரும். மூட்டை ஏற்றுகிற வானுக்குச் செய்த பெரிய பிறேக். அதற்கு எண்ணெய் அனுப்பவேண்டியது காரின் சின்ன மாஸ்ற்றர் சிலிண்டர். செம்பால் ஊற்றி அண்டாவை நிரப்பப் பார்க்கிற வேலை. முதல் மிதி அடிவரை போகும், ஒன்றும் நடக்காது. இரண்டாம் மிதிக்குத்தான் பிடிக்கும். பிடிக்கும்போது முன்னுக்குப் பிடிக்காது, பின்னுக்குப் பிடிக்கும். மழை பெய்தால் வால் பக்கம் சுழன்று கார் குறுக்கே நிற்கும்.

முன் பிறேக்கையும் மாஸ்ற்றர் சிலிண்டரையும் மாற்றாமல் அது ரோட்டுக்கு வரக்கூடாது. இதைச் சரியாகச் செய்ய இந்தக் கொழும்பில் அந்தக் காரைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். உன் மனுசன் என் கராஜுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கட்டும். செய்து கொடுக்கிறேன். கேட்காமல் ஒரு ஸ்பானரும் தொடமாட்டேன்.

செபஸ்தியன்

*

வெள்ளவத்தை
16.02.1997

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தைக் குசினிக் கதவைச் சாத்திவிட்டு வாசித்தேன். மேல் பாதியை வாசித்து அழுதேன். கீழ்ப் பாதியை வாசித்துப் பயந்தேன். இதை நான் எப்படி இவரிடம் நீட்டுவது? நீங்களே சொல்லுங்கள். முட்டாள் என்று கை கூசிக் கூசி எழுதிவிட்டு, அதன் கீழேயே அவருடைய உயிரைக் காப்பாற்றுகிற விஷயத்தை எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாளை அவர் பாதிவரை வாசிப்பாரா? காரை அவருடைய பெயருக்கு மாற்றியதும் நான்தான் அண்ணா. என் பெயரில் கார் இருந்தால் ஒவ்வொரு சாவடியிலும் இது யாருடைய கார் என்று கேட்டு இவரை இறக்கினார்கள். அதற்காக மாற்றினேன். உங்களுக்குச் சொல்ல நீங்கள் எனக்குக் காது தரவில்லை.

கடிதத்தைக் காட்டாமல் விஷயத்தை மட்டும் சொல்லிப் பார்த்தேன்.

"அந்த வான் அக்சிலுக்குக் கார் சிலிண்டர் காணாதாம். முன் பிறேக்கையும் மாத்தவேணுமாம்" என்றேன்.

"ஆர் சொன்னது?"

"சந்தையிலை ஒரு ட்றைவர்."

"மீன் வாங்கப் போன உனக்கு ட்றைவர் வீல் சிலிண்டர் கதை சொன்னவரோ?" என்று கேட்டு ஒரே சிரிப்பு. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

எஞ்சின் பூட்டியாயிற்று. நீங்கள் எழுதிய மாதிரியே வான் அக்சிலும் வந்துவிட்டது. முதல் நாள் இங்கே கோவிலுக்குக் கொண்டுபோய்ச் சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். பிறகு அவராகவே காரைத் திருப்பிக் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் கொண்டுபோய் நிறுத்தினார். "உன்ரை ஆளுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வா" என்றார். வரும்போது உங்கள் தெருவால் வந்தோம். அந்த வழி எங்களுக்குச் சுற்று. என்றாலும் வந்தார். கராஜ் வாசலில் நன்றாக மெதுவாக்கினார். நீங்கள் வெளியே நிற்கவில்லை.

பிறேக் நீங்கள் சொன்ன மாதிரித்தான். முதல் மிதி சும்மா போகிறது. இவர் "ரெண்டு தரம் மிதிச்சால் சரி, என்ரை காலுக்குப் பழகிப்போச்சு" என்கிறார். போன செவ்வாய் பம்பலப்பிட்டியில் தூறல். பஸ் ஒன்று நின்றதும் இவர் மிதித்தார். வால் சுழன்று கார் குறுக்கே போய் நின்றது. நான் பக்கத்தில் இருந்தேன். வாகனப் புத்தகத்தில் எஞ்சின் நம்பரும் இன்னும் பழையதுதான். மாற்றுவதற்குப் பொலிஸ் அறிக்கை வேண்டுமாம். யாழ்ப்பாண அடையாள அட்டையோடு தானாகப் பொலிசுக்குப் போய் நிற்க யாருக்கு மனம் வரும்? அதையும் பிறகு பார்ப்போம் என்கிறார்.

ஒரு உதவி செய்யுங்கள். இன்னொரு தாளில் பிறேக் விஷயத்தை மட்டும் எழுதி அனுப்புங்கள். ஏச்சு வேண்டாம். புகழவும் வேண்டாம். நான் காட்டக்கூடிய மாதிரி ஒரு தாள், அவ்வளவுதான்.

பேர்ணடெற்

*

இயேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை
22.02.1997

அன்புள்ள தங்கச்சி,

நீ கேட்ட தாளை எழுத மூன்று தரம் உட்கார்ந்தேன். பிறேக்கைப் பற்றி எழுதுவது எனக்குப் பெரிய வேலையா? அந்த ஆளை என்னவென்று கூப்பிட்டுத் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. பெயரைப் போட்டு எழுதினால் அரசாங்கக் கந்தோர்க் கடிதம் மாதிரி இருக்கிறது. உறவு சொல்லி எழுத எனக்கு வாயும் வரவில்லை, பேனையும் வரவில்லை. கிழித்துப் போட்டேன்.

உன் அண்ணி ஒரு கிழமையாக என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தவக்காலத்துக்கு நான் சாராயத்தை விட்டிருக்கிறேன். "குடியை விட்டு என்ன, கோவத்தை விடேல்லையே. ஆண்டவருக்கு உங்கடை போத்திலோ வேணும்?" என்று கேட்டாள். பம்பலப்பிட்டி விஷயத்தை வாசித்துக் காட்டியதும் எழும்பி உள்ளே போய்விட்டாள்.

சரி, நான் கேட்கச் சொன்ன அந்த ஒரு வார்த்தையை விட்டுவிடுகிறேன். அவர் வரவேண்டாம். அதே வகை வானின் முன் பிறேக் சோடியும், அதற்கு அளவான மாஸ்ற்றர் சிலிண்டரும் எடுத்து வைத்துவிட்டேன். பழையதுதான், ஆனால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன், பழுதில்லை. அவர் கார் எடுக்காத ஒரு நாளைச் சொல். நானே வந்து காரைக் கொண்டுபோய், என்னோடு வேலை செய்கிற ஒஸ்வால்டையும் பிடித்துக்கொண்டு முடித்து, அவர் தேடுமுன் கொண்டுவந்து விடுகிறேன். தாஸிம் செய்ததாகச் சொல்லிவிடு. நான் தொட்டது அவருக்குத் தெரியவேண்டாம்.

அதுவரை மழையில் காரை எடுக்க விடாதே. எப்படித் தடுப்பாயோ எனக்குத் தெரியாது. கார்த் திறப்பை ஒளித்து வை.

அண்ணா

*

வெள்ளவத்தை
28.02.1997

என் அன்புள்ள அண்ணா,

"அவர்" என்று எழுதியிருந்தீர்கள். நான்கு தரம் வாசித்தேன்.

மார்ச் ஏழாம் திகதி சிவராத்திரி. விரத நாளில் இவர் காரைத் தொடுவதில்லை. காலையிலேயே கோவிலுக்குப் போனால் நாலு சாமப் பூசையும் முடிந்து விடியத்தான் வருவார். நீங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வாருங்கள். இவர் அப்போது கோவில் மடத்தில் மரக்கறி வெட்டிக்கொண்டு நிற்பார், நீங்கள் பயப்படவேண்டாம். அன்றைக்கு இங்கே விரதம். உங்களுக்குத் தவக்கால வெள்ளி. இங்கேயும் மச்சம் மாமிசம் இல்லை, அங்கேயும் இல்லை. கல்யாணம் முடித்த பிறகு முதல்முறையாக இரண்டு வீட்டிலும் ஒரே சமையல்.

ஒளித்துச் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. அவரிடம் சொல்லிவிடுவோமா என்று வாய்வரை வருகிறது. நீங்கள் மறுபடியும் முறுக்கிக்கொள்வீர்களோ என்று விழுங்கிவிடுகிறேன். கார் முதலில் சரிவரட்டும். உங்களைப் பார்க்கப்போகிறேன் என்ற ஒன்றே எனக்குப் போதும்.

பேர்ணடெற்

*

இயேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை
09.03.1997

அன்புள்ள தங்கச்சி,

நேற்றுப் பின்னேரம் என்னை விட்டுவிட்டார்கள். உடம்பில் பெரிதாக ஒன்றும் இல்லை. இடுப்புத்தான் நிமிரவில்லை. எழுத முடிகிறது, எழுதுகிறேன். நீ அண்ணியிடம் எதையும் ஒழுங்காகச் சொல்லவில்லையாம், அழுதுகொண்டே இருந்தாயாம். எனக்கு ஒரு விஷயம் தெரியவேண்டும். அதற்கு முதல் நடந்ததைச் சொல்கிறேன்.

உன் வீட்டில் சாப்பிட்டுத் தேத்தண்ணி குடித்துக் காரை எடுத்தேன் அல்லவா, காலி வீதியில் ஏறும்போதே மழை பிடித்துவிட்டது. மெல்லத்தான் வந்தேன். இரண்டு தரம் மிதிக்கவேண்டும் என்று எனக்குத் தெரியாதா? உனக்கு எழுதியவனே நான்தானே. சாவடியில் பீப்பாக்களுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆமிப் பெடியன் திடீரென்று ரோட்டுக்கு வந்து கை காட்டினான். மிதித்தேன். ஒரு தரம்தான் மிதித்தேன், தங்கச்சி. நல்ல பிறேக்கையே மிதித்துப் பழகிய கால், மூளை சொல்வதைக் கேட்கவில்லை. அடிவரை போனபிறகுதான் நினைவு வந்து மறுபடி மிதித்தேன். பின் சில்லு இறுகி வால் சுழன்று ஒரு பீப்பாவைத் தட்டி விழுத்தியது. பெடியன் பாய்ந்து விலகிவிட்டான். ஒருவருக்கும் காயமில்லை, அந்தோனியாருக்குத்தான் நன்றி. ஆனால் அத்தனை துவக்கும் என் பக்கம் திரும்பிவிட்டது.

பொனற்றைத் திறந்தார்கள். எஞ்சினில் ஒரு நம்பர், புத்தகத்தில் வேறு நம்பர். பிறேக்கையும் அக்சிலையும் பற்றி அவ்வளவு வியாக்கியானம் எழுதினேனே, இந்த நம்பரை நான் நினைக்கவேயில்லை. நீ எழுதியும் இருந்தாய். என் கண்ணில் படவில்லை, எனக்குப் பிறேக்தான் பட்டது.

பொலிசுக்குக் கொண்டுபோய்க் கேட்டார்கள். எனக்குச் சிங்களம் வெள்ளமாக வரும், அதனால் பயப்படாமல் பதில் சொன்னேன். கார் யாருடையது? என் தங்கச்சியின் புருசனுடையது. பெயர் என்ன? சொன்னேன். ஊர் எது? யாழ்ப்பாணம் என்று தெரியும், எந்த இடம் என்று தெரியாது. தகப்பன் பெயர்? தெரியாது. கொழும்புக்கு எப்போது வந்தவர்? தெரியாது. ஆள் எப்படி இருப்பார், உயரமா, கட்டையா? தெரியாது என்றேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "தங்கச்சியின் புருசன் என்கிறாய், உயரமா கட்டையா என்றும் தெரியாது என்கிறாய். எங்களைப் பைத்தியம் என்று நினைத்தாயா?" என்று பெரியவர் கேட்டார். அதற்குப் பிறகு நான் சொன்ன ஒன்றையும் அவர்கள் நம்பவில்லை. அந்தக் கேள்விக்கு நான் சொன்னது முழு உண்மை. கல்யாணத்துக்கும் வராமல், அவருடைய முகமும் பாராமல், இரண்டு வருசமாக நான் வீம்பாக வைத்திருந்த உண்மை. அதைச் சொல்லித்தான் அடி வாங்கினேன்.

நேற்றுப் பின்னேரம் வந்து, "காரின் சொந்தக்காரன் வந்துவிட்டான், நீ போகலாம்" என்றார்கள். எனக்கு அப்போது ஒன்றும் ஓடவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தபிறகுதான் ஓடியது. அவர் தானாகவா போனார்? யார் அவரை விட்டது? இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாரா? வந்துவிட்டார் என்று எழுது.

அண்ணா

*

வெள்ளவத்தை
16.03.1997

அண்ணாவுக்கு,

வரவில்லை.

எட்டு நாளும் எழுத முடியாமல் இருந்தேன். இன்று எழுதுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு இது தெரியவேண்டும். தெரிந்து நீங்களும் என்னைப்போல் இருக்கவேண்டும்.

வெள்ளி பொழுதுபட, நீங்கள் பிடிபட்டதாக றோஸி அண்ணியிடமிருந்து செய்தி வந்ததும் கோவிலுக்கு ஓடினேன். கூட்டத்துக்குள் இவரைத் தேடிப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து எல்லாவற்றையும் கொட்டினேன். கடிதம் எழுதியது, நீங்கள் வந்தது, திறப்புக் கொடுத்தது, எல்லாம். அடித்தாலும் பரவாயில்லை என்று நின்றேன்.

"உன்ரை அண்ணா வந்தவரோ?" என்று முதலில் கேட்டார். "தானாவே வந்தவரோ? எங்கடை வீட்டை சாப்பிட்டவரோ?"

"ஓம்" என்றேன்.

அவருடைய முகத்தில் ஒரு சந்தோசம் வந்தது அண்ணா. அந்த நேரத்தில், அந்தச் செய்திக்கு நடுவில்.

"எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். "மீன் சந்தையிலை வீல் சிலிண்டர் கதைக்கிற ட்றைவர் ஆரெண்டு எனக்கு விளங்காதே? தாஸிம் நானா முன் பிறேக்கையும் சேர்த்துச் செய்யிறன் எண்டுதான் சொன்னவர். நான்தான் வேண்டாம் எண்டனான். அதை உன்ரை அண்ணாவுக்கெண்டு விட்டு வைச்சனான். கார் அவரின்ரை தேப்பன்ரை கார். பிறேக் பிழையெண்டு கேள்விப்பட்டால் அந்த மனுசன் பேசாமல் இருக்கமாட்டார், எங்களை ஏசவாவது வருவார் எண்டு நினைச்சனான். அவர் வந்தால் நீ உன்ரை வீட்டுக்குப் போய்வருவாய்."

கேட்டீர்களா? நீங்கள் அவர் வந்து கேட்கட்டும் என்று இருந்தீர்கள். அவர் நீங்கள் ஏசிக்கொண்டாவது வருவீர்கள் என்று இருந்தார். முட்டாள் என்று எழுதினீர்களே, ஒருவகையில் சரிதான். உயிரை வைத்து இப்படி ஒரு விளையாட்டு விளையாடுவாரா ஒரு மனுசன்? அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? நானும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே ஆளை வரவழைக்க ஆளுக்கொரு பக்கம் ஒளித்துக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

யாழ்ப்பாண அட்டையோடு இரவில் சாவடி தாண்ட முடியாது என்பதால் விடியும்வரை காத்திருந்தார். விடியப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து குளித்தார். திருநீறு பூசினார். நீலக் கட்டம் போட்ட சேட்டை எடுத்துப் போட்டார். பஞ்சிகாவத்தைக் கடைக்காரர் எழுதிக் கொடுத்த எஞ்சின் பில்லை மடித்துப் பையில் வைத்தார். திங்கட்கிழமை ஒரு லோயரைப் பிடித்துக்கொண்டு போவோம் என்று காலைப் பிடித்தேன். "திங்கள் மட்டும் அந்த மனுசனை உள்ளுக்கை வைச்சு அடிச்சுப்போடுவாங்கள். அவருக்கு என்ரை முகமே தெரியாது, என்னத்தைச் சொல்லித் தப்புவார்? கார்ச் சொந்தக்காரன் போனால்தான் விடுவாங்கள்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அந்தப் பில்லை அவர்கள் பார்த்தார்களா என்றுகூடத் தெரியாது. தடுப்புக்காவல் கட்டளை எழுதிவிட்டார்களாம். மூன்று மாதம் என்கிறார் லோயர். அதற்குப் பிறகு இன்னும் மூன்று மாதம் நீட்டலாம் என்றும் சொல்கிறார். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் இன்று ஒன்று சொல்கிறார்கள், நாளைக்கு இன்னொன்று.

உங்களில் எனக்குக் கோபம். உங்களைவிட என்னில் கோபம். அந்தக் காரைத் திரும்பக் கண்ணால் பார்க்க எனக்கு விருப்பமில்லை. நீங்களும் இப்போதைக்கு இங்கே வரவேண்டாம். வந்தால் உங்களைப் பார்த்து அழுவேனா, கத்துவேனா என்று எனக்கே தெரியாது.

பேர்ணடெற்

*

இயேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை
05.04.1997

என் தங்கச்சிக்கு,

வரவேண்டாம் என்றாய், வரவில்லை. ஆனால் சும்மா இருக்கவும் இல்லை. லோயரிடம் போய் எஞ்சின் மாற்றிய கதை முழுவதையும் சத்தியக்கடதாசியாக எழுதிக் கொடுத்தேன். தாஸிம் நானாவும் வந்து எழுதிக் கொடுத்தார். தனக்கு என்ன வரும் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாகனப் பரிசோதகர் காரைப் பார்த்துப் பிறேக் பொருந்தவில்லை, வேண்டுமென்று மோதியதில்லை என்று அறிக்கை எழுதியிருக்கிறாராம். அதை வாசிக்கவேண்டியவர்கள் எப்போது வாசிப்பார்கள் என்றுதான் தெரியவில்லை. உனக்கு அவரைப் பார்க்க அனுமதி கிடைத்திருப்பதாக அண்ணி சொன்னாள். மனைவிக்கு மட்டும்தான் அனுமதி என்று லோயர் சொல்கிறார். மச்சான் முறை அவர்களுக்குக் கணக்கில் இல்லை.

உயிர்ப்பு ஞாயிறு பூசைக்குப் போனேன். முழங்காலில் இருக்க முடியவில்லை. இடுப்பு என்று அண்ணியிடம் சொன்னேன். இடுப்பு இல்லை. உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. இவ்வளவு நாளும் அது எனக்கே தெரியாமல் இருந்தது. நீ எழுதிய கடிதத்தில் நீலக் கட்டம் போட்ட சேட் என்ற இடத்தில்தான் தெரிந்தது. அதன் பிறகு சாப்பாடும் இல்லை, நித்திரையும் இல்லை.

என்னை விட்ட அன்று, செருப்பையும் அடையாள அட்டையையும் கையில் தந்து வாசல் பக்கம் அனுப்பினார்கள். வாசலுக்குக் கிட்ட உட்கார ஒரு மர வாங்கு. அதில் ஒருவர் இருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, அந்தச் சேட். நான் வருவதைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், பிறகு இருந்துவிட்டார். நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நான் இருந்து செருப்பைப் போடப் பார்த்தேன், குனிய முடியவில்லை. அவர் கீழே குந்தி, என் காலைப் பிடித்து, இரண்டு செருப்பையும் மாட்டி வாரை இழுத்துக் கட்டிவிட்டார். காவல்காரன் அந்தப் பக்கம் திரும்பியபோது தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "கதவு திறந்து கிடக்கு. ஒருத்தரையும் பாராமல் கெதியாப் போங்கோ."

அவருக்கு என்னைத் தெரியும். உன் வீட்டுச் சுவரில் அப்பாவோடு நான் நிற்கிற படத்தை அன்று சாப்பிடும்போது பார்த்தேன். ஒவ்வொரு நாளும் அந்தப் படத்துக்குக் கீழேதானே அவர் சாப்பிட்டிருப்பார். வாய் திறந்து உறவு சொல்லியிருந்தால் இரண்டு பேரையும் சேர்த்து வைத்து மறுபடி முதலிலிருந்து கேட்டிருப்பார்கள். அதனால் சொல்லவில்லை.

அவரை யாரோ ஒருவர் என்றுதான் நான் நினைத்தேன். இந்த இடத்தில் தமிழில் கதைக்கிறாரே, துணிந்த ஆள்தான் என்று நினைத்தேன். பெயர் கேட்கவில்லை. பெரிய உபகாரம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கத்தில் றோஸி நிற்பதைக் கண்டேன். அவர் சொன்ன மாதிரியே அவரையும் பாராமல் போய்விட்டேன்.

நீ அடுத்த முறை போகும்போது அவருடைய முகத்தை எனக்காக நன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து சொல்லு, தங்கச்சி. அவர் உயரமா, கட்டையா என்று எனக்கு இன்னும் தெரியாது. இருந்தபடியும் குந்தியபடியும்தான் கண்டேன்.

உன் அண்ணா
செபஸ்தியன்